பாப்பா மிதித்த பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் வரியிலேயே கை நின்றுவிடும். கோயில் விஷயம், ஒரு வார்த்தை கூடிப்போனால் சாமிக் குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அந்தக் குடும்பத்து ஆள்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் மனசு நோகுமே என்று இன்னொரு பயம். நான் பெரிய படிப்பு படித்தவளும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று வரை, அவ்வளவுதான். "எழுதுனா முழுசா எழுது, இல்லாட்டி வுட்டுரு" என்பார் என் வீட்டுக்காரர். நானும் விட்டுவிடுவேன். இந்த வருஷம் விட முடியாதபடி ஆகிவிட்டது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஜொகூர் பாரு பக்கம் மாசாயில், எங்கள் தாமான் வரிசை வீட்டுக் குடியிருப்பில் எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அம்மாவும் மகளும் மட்டும் இருந்த வீடு. அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. அம்மா கூப்பிட்ட மாதிரியே தாமான் முழுக்க அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஆகியும் பாப்பாதான். அவள் வேலை செய்த கடை முதலாளி, சீனத் தவுக்கே மட்டும், சீனப் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அமோய் என்று கூப்பிடுவார். "கறுப்பு அமோய் நான் ஒருத்திதான் அக்கா" என்று சிரிப்பாள்.

பாசிர் கூடாங் ரோட்டில் லோரி டயர் விற்கிற கடை அது. கவுண்டரில் உட்கார்ந்து போன் எடுப்பது அவள் வேலை. தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் கலந்து பேசுவாள். லோரிக்காரர்களுக்கு அவள் வாயென்றால் ஒரு நடுக்கம். டயர் வெடித்து நடுரோட்டில் நின்றுகொண்டு போன் பண்ணுகிறவனிடம் முதல் கேள்வி, "காலைல வண்டி எடுக்குறப்ப குனிஞ்சு பாத்தீங்களா இல்லையா?" என்பதுதான். பார்க்கவில்லை என்றால் அவனுக்கு அன்றைக்கு நல்ல பூசை.

ஒரு தடவை நான் அந்தக் கடைப் பக்கம் போனபோது ஒரு பெரியவரை இப்படித் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "ஏம்மா, வயசான மனுசனப் போட்டு இந்தப் பாடு படுத்துற" என்றேன்.

"டயருக்கும் எனக்கும் ஒரே சீக்கு அக்கா. ஆணி குத்துனா அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாத்தாத்தான் உண்டு" என்றாள்.

அவளைப் பற்றி ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பார்த்துக்கொண்டே இருப்பவள். சாயந்திரம் நான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வேலை முடிந்து வந்து வாசல் ஓரம் நாற்காலியில் உட்காருவாள். காலணியைக் கழற்றுவாள். காலணிக்குள் முட்டி வரைக்கும் வருகிற ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும், பாதம் தொங்கிப்போகாமல் தாங்குவதற்கு. அதையும் கழற்றுவாள். மோட்டார் சைக்கிளில் இருந்து உடைந்த சைடு கண்ணாடி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து குச்சியில் கட்டி வைத்திருந்தாள். அதை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விரல் இடுக்கு, குதிகால், ஓரம் எல்லாம். ஏதாவது சிவந்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது.

"என் காலு ரெண்டும் ஊமை அக்கா. வலிக்குதுன்னு அதுங்க வந்து சொல்லாது. நாந்தான் போய்க் கேக்கணும்" என்பாள்.

அவள் பிறக்கும்போதே முதுகுக்குக் கீழே தோல் மூடாமல், உள்ளே இருக்கிற நரம்பு வெளியே தெரிகிற மாதிரி ஒரு கொப்புளம் இருந்ததாம். அப்போது அவர்கள் காஹாங் பக்கம் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார்கள். பிறந்த பிள்ளையை ஆம்புலன்ஸில் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோய், மறுநாளே முதுகை மூடித் தைத்துவிட்டார்கள். அப்புறம் தலையில் தண்ணீர் சேர்ந்து, காதுக்குப் பின்னால் இருந்து வயிற்றுக்கு ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னதும், சரியாகப்போச்சு என்று அம்மாக்காரி நினைத்துக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். முடிந்தது என்றால் முடிந்ததுதானே. பிள்ளை எழுந்து நடந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோட்டத்தில் இருந்து பஸ் பிடித்துப் போவது சின்ன வேலையும் இல்லை. வளர்கிற வயசில் உள்ளே நரம்பு ஒட்டிக்கொண்டு கால் மறுபடி இழுத்துக்கொண்ட பிறகுதான் திரும்ப ஓடினார்கள். மறுபடி முதுகைத் திறந்தார்கள்.

"அவங்க முதுகத்தான் மூடுனாங்க. உள்ள கெட்டது கெட்டதுதான். அது எங்கம்மாவுக்கு இன்னும் புரியல" என்று பாப்பா ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒன்றுக்குப் போவதுகூட அவளுக்குத் தானாக வராது. மெல்லிய குழாய் வைத்து அவளே எடுத்துக்கொள்ள வேண்டும், நேரம் தவறக்கூடாது. தவறினால் மூத்திரம் பின்னால் ஏறிக் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் சேவல் கூவுகிற மாதிரி அலாரம் வைத்திருந்தாள். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி, சேவல் கூவும், அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். முன்னே ஒரு பேக்டரியில் இருந்தபோது, லைனில் இருந்து அடிக்கடி எழுந்து போகிறாள் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். அன்றைக்கே நின்றுவிட்டாள்.

என் மகள் பிறந்தநாளுக்கு வீடு நிறைய பலூன் கட்டியிருந்தோம். பாப்பா உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கின கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. சின்ன வயசில் இருந்து ரப்பர் கையுறை போட்டு எத்தனையோ தடவை அறுத்ததில் அவள் உடம்புக்கு அந்த மாதிரி மெல்லிய ரப்பர் ஆகாமல் போய்விட்டதாம், கடை டயர் மட்டும் ஒன்றும் செய்யாதாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? கிளினிக்கில் ஊசி போட்டுத் திரும்பி வரும்போது, "கேக்கு வெட்டியாச்சா? என் துண்டு எங்க?" என்று கேட்டாள்.

பாவம் என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு ஆகாது. யாராவது ஐயோ பாவம் என்றால், "உங்க வூட்டு மோட்டார் டயர் வழுக்கையாப் போச்சு, அதுதான் பாவம், மாத்துங்க" என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். ஒரு லோரிக்காரப் பையன் அவளைப் பிடித்துப்போய்த் தவுக்கேயிடம் விசாரித்திருக்கிறான். அவளே அவனைக் கூப்பிட்டு, குழாய் வைப்பதில் இருந்து கிட்னி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் அப்புறமும் டயர் மாற்ற வந்தான். ஆனால் கவுண்டர் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டானாம். இதைச் சொன்னபோதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்கு முதுகு தைத்துக்கொண்டிருந்தபோது, அம்மாக்காரி ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து தோட்டத்து மாரியம்மாளை நினைத்து வாய்விட்டு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்து எழுந்து நடந்தால் உன் சன்னிதியில் பூ மிதிக்க வைக்கிறேன் தாயே என்று. நம் ஆள்களுக்குத் தெரியும், கோயில் விஷயத்தில் நெருப்பை நெருப்பு என்று சொல்ல மாட்டோம். தணலைப் பூ என்போம். பூக்குழி என்போம். அந்தத் தோட்டத்துக் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குப் பூக்குழி இறங்குவார்கள், பெண்களும் இறங்குவார்கள். ஆனால் சூடு தெரியாத காலை வைத்துக்கொண்டு அவள் எப்படி இறங்குவாள்? தணல் ஒட்டினால் உதறத் தெரியாது. வேகமாக ஓடவும் முடியாது. ஒவ்வொரு ஆடிக்கும் அம்மா கேட்பார், இவள் மாட்டேன் என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

அம்மாவின் அண்ணன்தான் அந்தக் கோயில் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர். நாங்களும் மாமா என்றே கூப்பிடுவோம். நல்ல மனுஷர், வாக்கு சுத்தம், விரதம் சுத்தம். நெருப்பு சுட்டது என்று யாராவது சொன்னால், விரதத்தில் எங்கே குறை வைத்தாய் என்று கேட்பார். சுடாதவனுக்குத்தான் ஆத்தா துணை நிற்கிறாள் என்பது அவர் கட்சி. அவர் கட்சி என்ன, எங்கள் எல்லாருடைய கட்சியும் அதுதான்.

அம்மாவுக்கு லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வாதம் வந்து தேறினபோது, வேண்டுதல் நிற்கிறது, அதனால்தான் எனக்கு இப்படி என்று அழ ஆரம்பித்துவிட்டார். சோறு இறங்கவில்லை. அப்போதுதான் பாப்பா அந்தப் பேச்சைப் பேசினாள்.

"அம்மா, நீங்க வாயால என்ன சொன்னீங்க? பூ மிதிக்க வைக்கிறேன்னுதானே? நெருப்புன்னு சொன்னீங்களா? சொல்லலல்ல. பூவே வாங்கிக் கொட்டி மிதிச்சிடுறேன். ஆத்தாவுக்கு நம்ம தமிழ் தெரியாதா என்ன?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கோயிலுக்கு வந்திருந்த இளவயசு குருக்களிடம் கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாராளமாகச் செய்யலாம் அம்மா, பெற்றவளுக்குப் பிள்ளை நிலைமை தெரியாதா என்றார். அம்மாவும் அரை மனசாகத் தலையாட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் காரில் எல்லாரும் காஹாங் போனோம். ஜொகூர் பாருவில் பூக்கடையில் செவ்வந்தி மூட்டை மூட்டையாக வாங்கியிருந்தாள். அம்மன் முன்னால் பூக்குழி நீளத்துக்கு அதைப் பரப்பினோம். பாப்பா அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பாதி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மெத்துன்னு இருக்கா?"

"சில்லுன்னு இருக்கு பாப்பா. ஈரமா, மெத்துன்னு" என்றேன்.

"ம். சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். அந்த முனை வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே போனேன். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது மாமா தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "பூவாம் பூ" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தீபாவளிக்குள் அம்மாவுக்கு மறுபடியும் வாதம் அடித்தது. இந்த முறை வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். பாப்பா வேலை விட்டு வந்ததும் அம்மா அந்தக் கையைத் தூக்குவார். பாப்பாவின் காலைச் சுட்டிக் காட்டுவார். மறுபடி மறுபடி காட்டுவார். தொண்டையில் இருந்து என்னவோ ஒரு சத்தம் வரும், கண்ணில் தண்ணீர் வரும்.

மாமா வந்து பார்த்தார். தங்கை கை போகிற இடத்தைப் பார்த்தார்.

"புரியுதாடி? அவ என்ன கேக்குறான்னு உனக்குப் புரியுதா?" என்று பாப்பாவைக் கேட்டார். அவர் அதட்டவில்லை. குரல் உடைந்து போய்த்தான் கேட்டார்.

எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் புரிந்தது. பூவைக் கொட்டி ஏமாற்றிவிட்டாய், காலால் தணலை மிதி என்று அம்மா கேட்கிறார் என்று.

வேண்டாம் பாப்பா என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் சொன்னார். குருக்கள் போன் பண்ணிச் சொன்னார். கிட்னிக்குப் பார்க்கிற டாக்டரிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மாலையில் கண்ணாடியை வைத்துக் காலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"எல்லாம் தெரியும் அக்கா. என் காலப் பத்தி என்னவிட யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குப் பேச்சும் போச்சு. கை ஒண்ணுதான் மிச்சம். அந்தக் கை கேக்குறத நான் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அடுத்து வந்த ஆடியில் விரதம் இருந்தாள். கூட்டத்தில் அடிக்கடி எழுந்து போக முடியாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சேவல் அலாரத்தையும் நிறுத்தி வைத்துவிட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் இறங்கினார்கள். முன்னால் போனவர்கள் எல்லாரும் நாலு எட்டில் ஓடிக் கடந்துவிட்டார்கள். பாப்பா முறை வந்தது. மஞ்சள் சேலை, தலையில் கரகம், கையில் வேப்பிலை. அட்டை இல்லாமல் அவள் பாதம் தொங்கும் என்று சொன்னேனே, ஒவ்வொரு காலையும் இடுப்பால் தூக்கித் தூக்கி வைத்தாள். தணல் காலோடு இழுபட்டு வந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நடுவில் சாய்ந்து, நின்று, சமாளித்துக்கொண்டு, மறுபடி நடந்தாள். அப்படி நெருப்பில் நின்ற ஆளை அந்தக் கூட்டம் அதுவரை பார்த்ததில்லை. ஓம் சக்தி என்று ஒரே சத்தம். பறை உச்சத்துக்குப் போனது. பெண்கள் சாமி வந்து விழுந்தார்கள். மாமா அழுதுகொண்டே கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது. அவள் காலைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நான். அந்த நிமிஷத்தில் எனக்கும் மெய்சிலிர்த்தது.

கடைசியில் கால் நனைக்க வைத்திருந்த பால் குழியில் இறங்கினதும் அவள் கண் என்னைத் தேடியது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கிட்டப் போனேன்.

"கண்ணாடி கொண்டு வரல அக்கா. நீங்க பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தோல் வெள்ளை வெளேர் என்று தோல்பை மாதிரி ஆகி, ஓரத்தில் கருகி இருந்தது. இரண்டு விரல் இடுக்கில் கரித்துண்டு அப்படியே இருந்தது. வாடை வந்தது. நிமிர்ந்தேன். என் முகத்தில் இருந்தே அவள் தெரிந்துகொண்டாள்.

உடனே கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் யார் விடுகிறார்கள்? வரிசையாக வந்து அவள் காலில் விழுந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்தப் பாதத்தில் போட்டு எடுத்தார்கள். மஞ்சளைக் குழைத்துக் காலில் பூசினார்கள். ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறதா என்று ஒரு அம்மா என்னோடு சண்டை பிடித்தார். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் விபூதி பூசிக்கொண்டே இருந்தாள். நன்றாக இருட்டின பிறகுதான் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார டாக்டர் பெண், மஞ்சளைக் கழுவிவிட்டுக் காலைப் பார்த்தார். யார் உனக்கு இப்படிச் செய்தது என்று கேட்டார். நானேதான் டாக்டர் என்று பாப்பா மலாயில் சொன்னாள்.

அப்புறம் நடந்ததை நீட்ட எனக்கு மனசு இல்லை. புண் எலும்பு வரை போய்விட்டது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். மற்றக் கால் ஆறவே இல்லை. ஏற்கெனவே அரை உயிராக இருந்த கிட்னி, கிருமி ரத்தத்தில் ஏறினதும் நின்றுவிட்டது. முதுகை மூடின நாளில் இருந்து அவள் கூடவே வந்த ஒவ்வொன்றும் சேர்ந்துகொண்டது. தவுக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கடைல போன் யாரு எடுக்குறா?" என்று அவள் அவரைக் கேட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு சாயந்திரம் அவர்கள் வீட்டிலும் விளக்கு வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினேன். அம்மா கை எழுந்தது. பாப்பாதான் அங்கே இல்லையே, யாருடைய காலைக் காட்டுகிறார்? பார்த்தேன். கை வாசல் ஓர நாற்காலிக்குப் போனது. அப்புறம் சுவர் ஆணியில் தொங்கின அந்தக் குச்சிக் கண்ணாடிக்குப் போனது. எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒற்றைக் கையால் அதை வாங்கி, கீழே இறக்கி, ஒரு பாதத்துக்கு அடியில் பிடிப்பது போல் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார். என்னைப் பார்த்தார். தொண்டையில் அதே சத்தம்.

பாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாதான் அவள் காலைப் பார்ப்பாராம். அந்த நேரத்துக்குத்தான் அந்தக் கை எழுந்திருக்கிறது. இன்றைக்குக் காலைப் பார்த்தாயா என்றுதான் அம்மா தினமும் கேட்டிருக்கிறார்.

நான் அதைப் பாப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க அக்கா. தாங்க மாட்டாரு" என்றாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை.

ஆனால் யாரோ போனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. பிறவியிலேயே கால் வராத பெண், டாக்டர்கள் கைவிட்ட பெண், மாரியம்மன் அருளால் நெருப்பில் நின்று நடந்தாள், பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்று எழுதிப் போட்டார்கள். அவள் செத்துப்போனதை யாரும் போடவில்லை. எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று கீழே இருந்தது. நான் அழித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இந்த வருஷம் தைப்பூசம் கழிந்து ஒரு நாள், யோங் பெங்கில் இருந்து ஒரு சின்ன வயசு ஜோடி விசாரித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பெண் கையில் பிள்ளை. துணியை விலக்கி முதுகைக் காட்டினாள். தையல் இன்னும் சிவப்பாக இருந்தது. பிறந்த மறுநாளே மூடிவிட்டார்கள், நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள் அக்கா என்றாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் புண்ணியவதி இருந்த வீட்டு வாசலையாவது மிதித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

உட்கார வைத்துத் பால் இல்லாமல் தே ஓ கலந்து கொடுத்துவிட்டு, மேலே எழுதின எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெண் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏற்கெனவே வாய் விட்டுட்டேன் அக்கா. எம்புள்ள நடந்தா அதே கோயில்ல பூ மிதிக்க வைக்கிறேன்னு சொல்லிட்டேன். இப்ப என்ன பண்றது?"

இதற்குக் குருக்கள் ஆயிரம் பரிகாரம் சொல்லலாம். ஆனால் ஒரு தாய் வாயால் சொன்னது அவள் நெஞ்சில் எப்படி உட்கார்ந்துகொள்ளும் என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பல வருஷம் கேட்டவள் நான்.

"சாமிய வேண்டிக்கம்மா. நானும் வேண்டிக்கிறவதான். ஆனா புள்ள உடம்ப வச்சு வேண்டக்கூடாது. அது நம்ம உடம்பு இல்ல. நம்ம உடம்ப வச்சுத்தான் வேண்டணும்" என்றேன். அவள் பிரசவித்து இரண்டு மாசம்கூட ஆகாத உடம்பு. அவளையும் இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு காஹாங் போனோம். மாமா இப்போது திருவிழாப் பொறுப்பில் இல்லை, கோயிலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு அங்கேயே கிடக்கிறார். பாப்பா சொன்னதை மீறி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கை என்ன கேட்டது என்பதையும் சொன்னேன், இதை எழுதலாமா என்றும் கேட்டேன். அவர் துடைப்பத்தைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "எழுதும்மா. என்னையும் சேர்த்து எழுது" என்றார்.

அப்புறம் அவர் காதிலும் அந்தப் பெண் காதிலும் விழும்படி, அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சொன்னேன். தாயே, இந்தப் பிள்ளை மேல் சொன்ன வாக்கை என் மேல் மாற்றிக்கொள். இந்த ஆடிக்கு நான் இறங்குகிறேன். அந்தப் பிள்ளை காலை விட்டுவிடு.

விரதம் தொடங்கிவிட்டேன். என் கால் நல்ல கால். தரையில் கிடக்கிற ஒரு நெல்லுமணி குத்தினாலும் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதுகு மூடித் தைத்த பிள்ளை உள்ள வீடு ஏதாவது தெரிந்தால் இதை அவர்களுக்குக் கொடுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம். பாப்பா கால் வெந்தது, வெந்துதான் செத்தாள். அதையும் கொடுங்கள். ஆத்தா அதைக் கேட்கவில்லை, நாங்கள்தான் கேட்டோம். அதையும் கொடுங்கள். ஆடிக்கு நான் இறங்கும்போது யாராவது படம் எடுத்தால், அதோடு எனக்குச் சுடவே இல்லை என்று எழுதாதீர்கள். சுட்டால், சுட்டது என்றே எழுதுங்கள்.